திருப்பி அனுப்பிய காரணம்

கூண்டுக் கதவில் ஓர் அட்டை தொங்கியது.
பெயர்: பிரின்ஸ். இனம்: டெரியர், பெரும்பாலும்.
வயது: இரண்டு அல்லது நான்கு.
திருப்பி அனுப்பியவர்கள்: மூன்று வீட்டார்.
முதல் வீட்டின் காரணம், சோபா.
இரண்டாவது, தபால்காரர்.
மூன்றாம் வீட்டார் இரண்டே சொல் எழுதியிருந்தார்கள்:
ரொம்ப அதிகம்.

என்னை விட்டுப் போனபோது தெல்மா சொன்னது
ரொம்பக் குறைவு என்று.
அட்டையை இன்னொரு முறை படித்தேன்.

காப்பகத்து லோர்னா கேள்விகளோடு வந்தாள்.
தோட்டத்து வேலி எத்தனை அடி?
பூனை உண்டா, குழந்தை உண்டா,
விலை கூடிய கம்பளம் ஏதும் உண்டா?
பகலில் வீட்டில் இருப்பீர்களா?
இருப்பேன் என்றேன். பொய்யில்லை.
தூங்கிக்கொண்டிருப்பீர்களா என்று
அவள் கேட்கவில்லை.

கிரிம்ஸ்பியில் மீன் உறையவைக்கும் ஆலையில்
பதினேழு வருடமாக எனக்கு இரவு வேலை.
எந்தச் சோப்புப் போட்டாலும்
விரலிடுக்கை விட்டுக் காட் மீன் போவதில்லை.
கம்பிக்குள் கையை நீட்டினேன்.
அவன் நக்கிய வேகம் பார்த்து
லோர்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது.
"யாரிடமும் இப்படி ஒட்டியதே இல்லை."
நான் வாயைத் திறக்கவில்லை.
ஒருத்தி அன்பு என்று சொல்லும்போது
மீன் என்று திருத்த நான் யார்?

இரண்டு வாரம் வெள்ளோட்டம்.
ஒத்துவராவிட்டால் கொண்டுவந்து விடலாம்.
அதற்கும் ஒரு படிவம் கொடுத்தாள்,
அடியில் 'காரணம்' என்று ஒற்றை வரி.

காலை ஆறரைக்குக் கதவைத் திறப்பேன்.
இரவெல்லாம் ஓய்வில் ஊறிய நான்கு கால்கள்
என் நெஞ்சுவரை எம்பும்.
எனக்கு அது நடுநிசி. அவனுக்கு
உலகம் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிய கடை.
பந்தை எறி. எறிந்தேன்.
பந்தை எறி.
பந்து அலமாரிக்கு அடியில் போய்விட்டது.
சரி, சாக்ஸை எறி.
கண் அயர்ந்தால் மூக்கோடு மூக்கை வைத்து
மூச்சு வருகிறதா என்று சோதிப்பான்.
நான்காம் நாள் தோட்டத்தில் ஏழு குழிகள்.
ஏழாவதிலிருந்து வால் மட்டும் தெரிந்தது.
பக்கத்து வீட்டு ஓல்டுராய்ட் வேலிக்கு மேல் எட்டிப்பார்த்தார்.
"எண்ணெய் கிடைத்ததா?"
பதினோரு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய
முதல் முழு வாக்கியம்.
"இல்லை, தண்ணீர்க் குழாய்" என்றேன்.
ஸ்பேனரோடு வந்தவரும் அவர்தான்.

ஆலையில் பிரின்ஸ் என்றதும் சிரித்தார்கள்.
பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் டானூட்டா
ஸ்ப்ராட் என்று வை என்றாள்.
நம் கட்டைவிரல் நீளம்கூட வராத பொடிமீன்,
நெத்திலிக்குத் தூரத்து உறவு.
அன்றே கூப்பிட்டுப் பார்த்தேன், திரும்பவில்லை.
பிரின்ஸுக்கு மட்டும் திரும்பினானா என்ன.

ஒன்பதாம் நாள், கிளீதார்ப்ஸ் கடற்கரை.
கடல் வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது.
வாரை அவிழ்க்கவே கூடாது என்று
லோர்னா மூன்று முறை சொல்லியிருந்தாள்.
கொக்கி தேய்ந்திருந்தது. அல்லது நான்.
போனான்.
சேற்றுமணல், கடற்காக்கைகள், ஒரு பழுப்புப் புள்ளி.
பிறகு புள்ளியும் இல்லை.
பிரின்ஸ் என்று கத்தினேன், ஸ்ப்ராட் என்று கத்தினேன்,
டேய் என்று கத்தினேன்.
கரையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்,
அவனைத் தவிர.
நாற்பது நிமிடம் கழித்து வந்தான்,
வாயில் யாருடையதோ ஒரு செருப்பு.
அவனுக்கு வெகு பின்னால்
நொண்டியபடி ஒரு பெண்.

பதினான்காம் நாள் லோர்னா அழைத்தாள்.
பகல் பன்னிரண்டு மணி, திரை இழுத்த அறை.
"எப்படி இருக்கிறான்?"
மெதுவாகப் பேசுங்கள் என்றேன்.
"அந்தப் படிவம்..."
அதை ஐந்தாம் நாளே தின்றுவிட்டான்.
மறுமுனையில் ஏதோ சத்தம்,
சிரிப்பா இருமலா தெரியவில்லை.
மற்றதை ஆறு மணிக்கு மேல் பேசலாம் என்று வைத்தேன்.

காலடியில் படுத்திருந்தான்.
கண் மூடியிருந்தது, கால்கள் நான்கும் ஓடிக்கொண்டிருந்தன,
செருப்புக்கோ காக்கைக்கோ.
ஒவ்வொரு உதைக்கும் ஓர் அங்குலமாக
போர்வை அவன் பக்கம் போய்க்கொண்டிருந்தது.
என் பாதம் ஏற்கெனவே வெளியே.